நீங்க பாத்துச் செய்ங்க

அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பது இப்போது படுக்கையருகே இருக்கும் கணினித் திரையின் வேலை. நோயாளியே முடிவெடுக்க வேண்டும், வேறு யாரும் தூண்டக் கூடாது. முன்பெல்லாம் கேட்காமலே வெட்டினார்கள் என்பதால் வந்த விதி. நல்ல விதிதான்.

லோடுமேன் கொம்பையாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். திரை பொறுமையாக விளக்கியது. பெருவிரலை இன்றே எடுத்துவிடலாம், அல்லது மருந்து கொடுத்துப் பார்க்கலாம். மருந்து கேட்காவிட்டால் புண் மேலே ஏறும்.

"எது உங்கள் முடிவு?"

"நீங்க பாத்துச் செய்ங்க."

"இது சம்மதம் ஆகாது. உங்கள் முடிவைச் சொல்லுங்கள்."

"மூட்டை தூக்குறவன்கிட்ட வைத்தியம் கேக்கு. சிஸ்டர், இது படிச்சதுதானா?"

நர்ஸ் ரெஜினாள் சிரித்துவிட்டாள். திரை மூன்றாம் முறையும் கேட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கப்பாவா இருந்தா எடுத்திருங்கன்னுதான் சொல்லுவேன்."

"அப்பம் எடுத்திருங்க" என்றார் கொம்பையா, நிம்மதியாக.

"பிறர் சொல்லி எடுத்த முடிவு செல்லாது. நாளை மீண்டும் கேட்கப்படும்" என்றது திரை. அதை மீற மருத்துவருக்கும் அதிகாரமில்லை. ரெஜினாளுக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

மறுநாள் காலையில் பாதம் முழுவதும் கறுத்திருந்தது. திரை அதே பொறுமையுடன் விளக்கியது. கணுக்காலோடு எடுக்கலாம், அல்லது முழங்காலுக்குக் கீழே எடுக்கலாம்.

"எது உங்கள் முடிவு?"

கொம்பையா ரெஜினாளைப் பார்த்தார். "ஒங்கப்பான்னா என்ன செய்வீய, சிஸ்டர்?"

அவள் படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி."