மிளகில் எடுத்த ஆறு கிராம்

“மறுபடியும் மூணு கிராமா?”

டாக்டர் சிவகுருநாதன் போட்ட சத்தம் லேப்பின் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. அங்கேதான் கமலநாதன் குடுவை துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த லேப்புக்கு உதவியாளர். துடைத்த குடுவையையே எடுத்துத் திரும்பவும் துடைத்தார்.

“மூணு புள்ளி ஒண்ணு சார்,” என்றாள் வசுந்தரா. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருகிற பெண்.

“அந்தப் புள்ளி ஒண்ணை நீயே வெச்சுக்கோ. இது எத்தனாவது தடவை?”

“அஞ்சாவது சார்.”

விஷயம் இதுதான். நூறு கிராம் மிளகை இடித்து, ஸ்பிரிட்டில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, வற்றவைத்து ஆறவிட்டால் அடியில் மஞ்சள் மஞ்சளாக, ஊசி ஊசியாகப் படியும். மிளகின் காரமே அதுதானாம். அதைக் காயவைத்து எடை போடவேண்டும். பட்டம் வாங்க அவள் செய்யவேண்டிய ஆராய்ச்சி அது. மேற்பார்வை சிவகுருநாதன் சார்.

நூறு கிராமுக்கு ஆறு கிராம் வந்தே ஆகவேண்டும் என்பார் சார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே லேப்பில், மாணவனாக இருந்தபோது அவர் எடுத்தது ஆறு.

“சார், பிரிக்பீல்ட்ஸ் கடை மிளகுல செஞ்சேன். பாசார்ல வாங்கினதுல செஞ்சேன். சரவாக் மிளகுல மூணு தடவை செஞ்சேன். எல்லாத்துலயும் மூணுதான் வருது. ஒருவேளை… மூணுதான் சரியோ?”

“அப்போ நான் எடுத்த ஆறு பொய்யா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல சார்.”

“வேற எப்படிச் சொன்னே? போன வருஷம் முகுந்தனும் இதே பாட்டுத்தான் பாடினான். சி கிரேடு போட்டு அனுப்பினேன். இங்க பாரு, எனக்கும் முதல் ரெண்டு தடவை மூணுதான் வந்துச்சு. விட்டேனா? மூணாவது தடவை ஆறு வந்துச்சு! இன்னொரு தடவை செய். வெள்ளிக்கிழமைதான் கடைசி.”

சார் கெட்ட மனுஷன் இல்லை. கமலநாதனுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது, பூச்சோங் வீட்டிலிருந்து மூன்று வாரம் தன் காரிலேயே கூட்டி வந்தவர். ஆனால் அந்த ஆறு கிராம் பேச்சு வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

கெந்தீனில் தனக்கும் வசுந்தராவுக்கும் தே தாரிக் டீ வாங்கி வைத்தார் கமலநாதன். அவள் தொடவேயில்லை.

“இதுல ஏ கிடைச்சாத்தான் அங்கிள் மாஸ்டர்ஸுக்கு ஸ்காலர்ஷிப். அப்பா லோரி ஓட்டுறாரு. அவரால முடியாது லா.”

கமலநாதன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சரைன்னு எழுதிடேம்மா. யாரு வந்து பார்க்கப் போறா?”

“வராததை எப்படி அங்கிள் எழுதுறது?”

அவருக்கு டீ புரையேறிவிட்டது.

ஆறாவது தடவை இரண்டு புள்ளி ஒன்பது வந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை சாரின் அறைக்குப் போனாள். பின்னாலேயே கமலநாதனும் போய்க் கதவோரம் நின்றார். இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று, வரும் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்திருந்தார்.

லாக் புக்கைப் பார்த்த சார் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சார்,” என்று ஆரம்பித்தார் கமலநாதன்.

“அட, சரியான நேரத்துல வந்தீங்கண்ணே. அன்னிக்கு என் பக்கத்துல நின்னது நீங்கதானே? இந்தப் பொண்ணுக்கு நீங்களே சொல்லுங்க. தராசு ஆறு காட்டுச்சா, இல்லையா?”

அந்தக் கேள்வியோடு சாரின் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி மலர்ந்துவிட்டது. அந்த ஆறு கிராமில் தொடங்கிய படிப்புதான் டாக்டர் பட்டம் வரைக்கும் அவரைக் கொண்டுபோனது. கல்யாணப் பத்திரிகையைக்கூட முதலில் கமலநாதன் கையில்தான் கொடுத்தார்.

வசுந்தரா திரும்பி அவரைப் பார்த்தாள்.

கமலநாதன் சாரின் மலர்ந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

“காட்டுச்சு சார்.”

“கேட்டியாம்மா? மிளகு மேல குத்தம் இல்ல. கை வேணும், கை.” சார் பேனாவை எடுத்து, ‘செய்முறைத் திறமை போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வசுந்தரா பைக்குள்ளிருந்து ஸ்காலர்ஷிப் விண்ணப்பப் பாரத்தை எடுத்தாள். நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“குப்பையில போட்டுடுங்க அங்கிள். என் கை அவ்வளவுதான் போல.”

கோபமே இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் கமலநாதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

அவர் சாரிடம் சொன்னது பொய்யில்லை. அன்றைக்குத் தராசு ஆறு காட்டத்தான் செய்தது.

இரண்டு தடவை தோற்று, படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்த அந்தப் பையனைப் பார்க்கச் சகிக்காமல், மூன்றாம் தடவை அவன் காயவைத்திருந்த தட்டில், ஸ்டோர் ரூமில் அதே மஞ்சள் ஊசிகள் இருந்த புட்டியிலிருந்து மூன்று கிராமை யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிட்டவர் கமலநாதன்தான்.