வாய் வைத்த பாட்டில்

"அதை நான் வாய் வச்சுக் குடிச்சிட்டேன்க்கா" என்றாள் பொன்மணி.

நீட்டிய கையைச் சத்யபிரியா அப்படியே மடக்கிக்கொண்டாள்.

குருமலையில் இன்னும் பாதி ஏற்றம் பாக்கி. மாசி வெயில் அதற்குள் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. நாலு பேர் கொண்டுவந்த நாலு பாட்டிலில் மூன்று காலி. ஒன்றைக் குடித்துத் தீர்த்தார்கள். ஒன்றில் முகம் கழுவினார்கள். இன்னொன்றை ஒருத்தி மேல் ஒருத்தி தெளித்து விளையாடினார்கள். மிச்சம் இருப்பது பொன்மணியின் தோளில் தொங்கும் சிவப்பு பிளாஸ்டிக் பாட்டில்தான். அவள் தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது.

"எப்போ வாய் வச்சேட்டி? நாங்க யாரும் பாக்கலையே" என்றாள் பிரேமா.

"பஸ்ஸை விட்டு இறங்கினதுமே. தாகம் தாங்கலை."

"அண்ணாந்து குடிக்கத் தெரியாதாக்கும்? நீ என்ன பால்குடிப் பிள்ளையா?"

"மேலெல்லாம் சிந்திரும்லா."

பிரேமா தலையில் அடித்துக்கொண்டாள். முத்துத்தாய் அந்தப் பாட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள். எச்சில் தண்ணீரை யார் கேட்பார்கள்?

சத்யபிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தன்னோடு படிக்கும் இந்த மூன்று பேர் வீட்டுக்கும் போய், "விளக்கு வைக்கிறதுக்குள்ள பத்திரமாக் கொண்டாந்து விட்டுருதேன்" என்று கெஞ்சி அனுமதி வாங்கியவள் அவள்தான். துணைக்கு ஆம்பளை இல்லாமல் அவர்கள் வெளியே கிளம்பியது இதுதான் முதல் தடவை. முத்துத்தாயின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஒருத்திக்கு ஒண்ணுன்னாலும் சரி, இன்னிமே வீடு விட்டா இன்ஸ்டிடியூட், இன்ஸ்டிடியூட் விட்டா வீடு. அம்புட்டுதான்."

"மேலே சுனை இருக்கு. எப்பவும் தண்ணி கிடக்குமாம். வாங்க" என்று சத்யபிரியா உடைமுள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

சுனை இருந்தது. தண்ணீரும் இருந்தது. அதில் பச்சைப் பாசியும், நீந்தி விளையாடும் தவளைக் குஞ்சுகளும் இருந்தன.

"இங்கனயும் எல்லாரும் வாய் வச்சிட்டாவ போல" என்றாள் பிரேமா, பொன்மணியைப் பார்த்துக்கொண்டே.

உச்சியில் நின்று பார்த்தால், பருத்தி வெடித்துக் கிடந்த கரிசலுக்கு நடுவே கண்மாய் பளபளத்தது.

"எம்புட்டுத் தண்ணி! கண்ணு ரொம்பிருச்சு. தொண்டைதான் ரொம்பலை" என்றாள் பிரேமா.

புளிச்சோற்றைப் பிரித்தார்கள். உருண்டை உருண்டையாகத் தொண்டையில் நின்றது. முத்துத்தாய் ரெண்டு வாயோடு பொட்டலத்தை மடித்துவிட்டாள். பொன்மணிக்கு விக்கல் எடுத்தது.

"உன்கிட்டதான் இருக்கே, குடிக்க வேண்டியதுதான மகாராணி?" என்றாள் பிரேமா.

"நீங்கல்லாம் பாத்துட்டு இருக்கையில நான் மட்டும் எப்படிக் குடிக்க?"

"பாருங்க, எவ்வளவு இரக்கம்!"

செய்வதையும் செய்துவிட்டு மரியாதை வேறா என்று நினைத்துக்கொண்டாள் சத்யபிரியா. அடுத்த தடவை இவளைக் கூப்பிடவே கூடாது.

இறக்கத்தில் பாதி வழி வந்திருப்பார்கள். முத்துத்தாய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு இருட்டுதுக்கா."

முகம் வெளுத்திருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. கண்மாய்க்கு ஓடித் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பஸ்ஸும் போய்விடும். சத்யபிரியாவின் கண்முன்னால் முத்துத்தாயின் அப்பா வந்து நின்றார்.

"எச்சியோ என்ன எழவோ, அந்தப் பாட்டிலைக் குடுட்டி!"

முத்துத்தாய் மூடிய கண்ணைத் திறக்காமலே முனகினாள்: "எச்சித் தண்ணி வேண்டாம்க்கா. எங்க அம்மைக்குத் தெரிஞ்சா வைவா."

"மயக்கத்துலயும் இதுல தெளிவாத்தான் இருக்கா" என்றாள் பிரேமா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

பொன்மணி பாட்டிலைத் தோளிலிருந்து கழற்றி மூடியைத் திருகினாள். அசையவில்லை. தாவணியைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகிய பிறகுதான் திறந்தது.

கழுத்துவரை தண்ணீர் தளும்பியது.

"யாரும் வாய் வைக்கலட்டி. அண்ணாந்துக்கோ."

உயரத் தூக்கி மெல்ல மெல்ல முத்துத்தாயின் வாயில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் முத்துத்தாய்க்கு முகம் தெளிந்தது. பிரேமாவும் வாங்கிக் குடித்தாள். பாட்டில் சத்யபிரியாவின் கைக்கு வந்தபோது, அவள் பொன்மணியின் உதட்டைப் பார்த்தாள். வெடித்துப் போயிருந்தது.

"காலையில இருந்து இதுல நீ ஒரு வாய் கூடக் குடிக்கலையா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன்ட்டி எச்சின்னு பொய் சொன்னே?"

பொன்மணி தாவணி நுனியால் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இறங்கும்போது வேணும், வச்சிருப்போம்னு சொன்னா நீங்க யாராவது கேட்டிருப்பியளா? நல்ல தண்ணின்னா ஏறும்போதே தீந்திருக்கும்க்கா. எச்சித் தண்ணியா இருந்ததுனாலதான் இம்புட்டுத் தூரம் வந்துச்சு."