லோகாவின் பல்வரிசை

டாக்டர் புனிதா விளக்கைத் திருப்பி என் மகன் கிஷனின் வாய்க்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பத்து வயதுதான் ஆகிறது. அதற்குள் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

தாடை வளரவில்லையாம். பிறந்ததிலிருந்து கஞ்சி, மைலோவில் ஊறிய ரொட்டி, குழைய வேகவைத்த மீஹூன் சேமியா. மெல்லுவதற்கே வேலை கொடுக்காவிட்டால் தாடை எப்படி விரியும், பல்லுக்கு எங்கே இடம் என்று கேட்டார். ஆசையாய் வளர்த்தது குற்றமாகிவிட்டது.

கிஷனின் பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்ற லோகேஸ்வரியை அப்போதுதான் அவர் கவனித்தார். என் அக்கா மகள். அக்கா போன பிறகு, நான்கு வருடமாகப் பண்டமாரானில் என் வீட்டில்தான் இருக்கிறாள். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

நான் கேட்கவே இல்லை. அவராகவே அவளையும் நாற்காலியில் ஏற்றி வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற பல்வரிசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு இல்லாதது இவளுக்கு!

என்னம்மா சாப்பிடுகிறாய் என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

லோகா என்னைப் பார்த்தாள். நானும் பார்க்க வேண்டிய விதத்தில் அவளைப் பார்த்தேன்.

"சித்தி எனக்குன்னு தனியா எடுத்து வைப்பாங்க, டாக்டர்."

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இவளுக்குக் குடுக்கிறதையே தம்பிக்கும் குடுங்க லா. போதும்."

வீட்டுக்கு வந்ததும் பகலுக்கு ரொட்டியும் கோழிக்கறியும் எடுத்து வைத்தேன். வழக்கம்போல் ரொட்டியின் ஓரங்களை வெட்டினேன். கிஷனுக்கு ஓரம் பிடிக்காது. நான்கு வருடமாக ஓரமெல்லாம் லோகாவுக்குத்தான். அவன் சதையைத் தின்றுவிட்டுப் போடும் எலும்பும், பானையில் அடிப்பிடித்த சோறும் அவளுக்குத்தான்.

இன்று ஓரங்களைக் கிஷன் தட்டில் வைத்தேன். எலும்பையும் அவனையே கடிக்கச் சொன்னேன். அழுதான். டாக்டர் சொல்லிவிட்டாரே என்று அதட்டினேன். பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் மென்று தீர்த்தான். நடுவிலிருந்த மெத்து ரொட்டியை நானே மைலோவில் நனைத்துத் தின்றேன். இனி எனக்கு எந்தத் தாடை வளரப் போகிறது?

லோகா அடுப்படிக் கதவோரம் தன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கிஷனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. டாக்டரிடம் நல்லபடியாகப் பேசிய பிள்ளை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், தட்டை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

கழுவவில்லை. கழுவுவதற்கு அதில் ஒன்றுமில்லை.