ஆறட்டும்

"எல்லா ஃபோல்டருக்கும் போட்டுக்கோ தம்பி. என்னோடதுக்கு மட்டும் வேண்டாம்."

ஆபீஸ் கடிதங்களை அனுப்பும் தபால் அக்கா தலை நிமிராமலேயே சொன்னாள். கம்ப்யூட்டர் சர்வர்காரனுக்குச் சுருக்கென்றது.

மூன்று வாரம் உழைத்திருந்தான். அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் கடிதம், வரைபடம் எல்லாம் அவன் அமைத்த சர்வரில்தான் இருந்தன. வெளியார் கையில் எதுவும் இல்லை. இதுவரை கோப்பின் பெயர் மட்டும்தான் தெரியும். இனி திறக்காமலே முதல் பக்கம் சின்னப் படமாகத் தெரியும். ஆபீஸே பாராட்டியது, இவளைத் தவிர.

"ஏன்க்கா வேண்டாம்?"

"எனக்குப் பேரைப் பார்த்தாலே போதும்."

"பேரா? வெறும் தேதிதானே போட்டு வெச்சிருக்கீங்க."

"தேதியப் பார்த்தா எனக்கு விஷயம் தெரிஞ்சிடும்."

"ஜோசியமாக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

'அனுப்ப வேண்டியவை'க்குள் அவள் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். பெயர் 'ஆறட்டும்'. உள்ளே ஸ்கேன் செய்த நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். மிகப் பழையதற்கு ஒன்பது வயது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை ஒன்பது வருஷமாகவா ஆறப்போடுவது? சர்வர் பத்து நிமிஷம் நின்றால் இவனை ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள். இவளோ சோம்பேறித்தனத்துக்குப் பெயர் சூட்டி ஃபோல்டரே போட்டிருக்கிறாள். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்றுதான் படம் வேண்டாம் என்கிறாள். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தானே வழியில் பயம்.

நேரே முதலாளி அறைக்குப் போனான்.

"நூத்திப் பன்னெண்டா?" முதலாளியின் காது சிவந்தது. "நான் கையெழுத்துப் போட்டது போகுதான்னு இனிமே தபாலாபீஸ் வாசல்ல நானே நிக்கணுமா? படத்தைப் போடுய்யா. பார்த்துட்டு இன்னிக்கே அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புறேன்."

அக்காவையும் கூப்பிட்டார். அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"சார், நீங்க மட்டும் தனியா பாருங்க. தம்பி வெளிய போகட்டும்."

"ஏன், அவன் பார்த்தா என்ன?"

அவள் கதவைத் திறந்து பிடித்தாள். இவன் வேண்டுமென்றே நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தட்டினான்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து, தாள் கிழிகிற அழுத்தத்தில்.

'உங்கள் கட்டட லிஃப்டை இனி எங்கள் ஆள் தொட மாட்டான்.' அந்தக் கட்டடத்துக்கு நேற்றுக்கூட ஆள் போயிருந்தது.

'இன்றோடு நீ எனக்கு அண்ணனும் இல்லை, கூட்டாளியும் இல்லை.' பக்கத்து அறையில் அண்ணன் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மறுநாள் நான் வந்து, போயிடுச்சான்னு கேட்டிருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

"அனுப்பியிருப்பேன் சார். நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

சர்வர்காரனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைக் கீழே நகர்த்தினான்.

ஒரு தேதி கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டி, ஆறு மாத வரைபடங்களை அவன் மொத்தமாக அழித்த நாள். மறுநாள் முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய பெரிய மனசைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் படம் மெல்லத் தெளிந்தது.

'சர்வர் பொறுப்பாளருக்கு: நாளையிலிருந்து நீங்கள் வேலைக்கு வர வேண்டாம்.'