வலது பக்கக் கதவு

"ஒரே ஒரு கதவுக்கா? எல்லாரும் நாலு கதவுக்கும் சேர்த்துத்தானம்மா கேப்பாங்க" என்றார் காதர் பாய்.

"வலது பக்கம், முன் கதவு மட்டும் போதும் பாய். அப்பா உட்கார்ந்து ஓட்டுன பக்கம்."

நிரஞ்சனா பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் பிரித்தாள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜீப்பின் கதவு உட்பக்க பேனல். நடுவில் விரிசல், கீழ் மூலை நொறுங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

அப்துல் காதரின் பட்டறை சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. கம்பெனியே கைவிட்ட பழைய வண்டிகளுக்கு உள்பாகங்கள் செய்து கொடுப்பார். சிஓஇ என்னும் பத்து வருட வாகன உரிமம் முடிந்தால் வண்டியைத் தலைமுழுகிவிடும் இந்த ஊரில், பழைய ஜீப்பைக் கட்டிக் காப்பாற்றுகிறவர்கள்மீது அவருக்குத் தனிப் பாசம்.

"அப்பாவுக்கு வண்டின்னா உசிரோ?"

"கேக்காதீங்க பாய். துறைமுகத்துல கிரேன் ஓட்டுனாரு. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் எங்களை அள்ளிப் போட்டுக்கிட்டு கோத்தா திங்கி அருவிக்குக் கிளம்பிடுவாரு. ஏர்கான் போடவே மாட்டாரு. பாலம் கடந்து ஜொகூர் பாருவைத் தாண்டினதும் இந்தக் கைப்பிடியை விறுவிறுன்னு சுத்தி ஜன்னலை இறக்குவாரு. செம்பனைத் தோட்டத்துக் காத்து முகத்துல அடிக்கும். அப்ப ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க..." அவள் கைப்பிடியை ஒரு முறை தடவினாள். "அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

காதர் பாய்க்கு மனசு இளகிவிட்டது. அவரும் அந்தச் சாலையில் போனவர்தான். கல்யாணத்துக்கு முன்பு, நண்பனின் லாரியில், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு.

"எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமை. ரெண்டு மாசம் கழிச்சு அப்பா வீட்டுக்கு வர்றாரு. கை வச்சதும் தன்னோட கதவுன்னு அவருக்குத் தோணணும். தோணலைன்னா தொடவே மாட்டாரு. அவ்வளவு பிடிவாதம்."

"ஊருக்குப் போயிருந்தாரா?"

அவள் பேனலைத் திருப்பிப் போட்டாள். "பின்னாடி கிளிப் வேணாம் பாய். நாலு மூலையில ஸ்குரூ போட ஓட்டை போதும். கைப்பிடி முதல்ல லேசா சுத்தணும். அப்புறம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கிற மாதிரி வைங்க. கண்ணாடி ஏறலைன்னாலும் பரவாயில்ல."

"எல்லாரும் கைப்பிடியை லேசாக்கத்தான் என்கிட்ட வருவாங்க. நீங்க இறுக்கச் சொல்றீங்களே! இப்ப அந்தக் கதவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல பாய்."

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கம் மட்டும் புதுசு, வெளிப்பார்வைக்கு மட்டும் வேலை, அதிலும் அவசரம். வண்டியை விற்கப் போகிறவர்கள்தான் இப்படி வந்து நிற்பார்கள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கதவைக் காட்டி அப்பா மனசைக் குளிர வச்சு, கையெழுத்து வாங்கி, வண்டியை வித்துடப் போறீங்களா?"

"ஐயோ, விக்கிறதுக்கு இல்ல பாய்!"

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. பழைய பேனலின் விரிசலை அடைத்து அச்சு எடுத்தார். முதல் பிளாஸ்டிக் தகடு சூடு அதிகமாகி, பழைய சொரசொரப்பு இல்லாமல் வழவழவென்று போனது. இரண்டாவது, மூலையில் கிழிந்தது. வியாழக்கிழமை மாலைதான் மூன்றாவது சரியாக அமைந்தது. பழைய கைப்பிடியை, இறுக்கிக்கொள்ளும் திருகோடு அதில் பொருத்தினார். கண்ணை மூடிக்கொண்டு பழையதையும் புதியதையும் தடவினார். எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

உடனே போன் செய்தார். "நானே வந்து மாட்டுறேன் லா. வேற யாராவது கை வச்சா நெளிஞ்சிடும்."

சொன்னது பாதி உண்மை. அவள் அப்பா அண்ணாதுரையைப் பார்த்து, 'ஏமாந்துடாதீங்க, வண்டியை விக்காதீங்க' என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது மீதி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து ஈசூனில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். கார் நிறுத்துமிடம் முழுக்க ஒரு சுற்று சுற்றினார். ஜீப் கண்ணில் படவில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழே நிரஞ்சனா காத்திருந்தாள்.

"வண்டி எங்கம்மா? அதுக்குள்ள கைமாறிடுச்சா?"

"வீட்டுக்கு வாங்க பாய், சொல்றேன்."

ஒன்பதாம் மாடி வரை லிஃப்டில் காதர் பாய் உர்ரென்று நின்றார். கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார். அவள் நேராக ஓர் அறைக்குள் அழைத்துப் போனாள்.

வலது பக்கச் சுவரை ஒட்டி ஒரு கட்டில். சுவரில் பென்சிலால் நான்கு புள்ளிகள். கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த பெரியவர் வந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜீப்பை உடைக்கக் கொடுத்து ஆறு வருஷமாச்சு பாய். இந்த பேனலை மட்டும் அப்பா கழட்டி வச்சுக்கிட்டாரு" என்றாள் நிரஞ்சனா. "இப்ப ஸ்ட்ரோக்ல வலது கை விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தா, நான் என்ன சின்னப் பிள்ளையான்னு வீசி எறிஞ்சுட்டாரு."

காதர் பாய் புது பேனலைப் பென்சில் புள்ளிகளில் வைத்து நான்கு ஸ்குரூவையும் முடுக்கினார். நிரஞ்சனா எடுத்து வைத்த அப்பாவின் வலது கை கைப்பிடியைத் தடவியது, பற்றியது, பிறகு அந்தச் சுவரில் இல்லாத ஜன்னலைக் கால் சுற்று இறக்கியது.