பாக்கெட்டில் இருப்பவள்

வக்கீல் நீட்டிய தாளைப் படிக்க அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள்.

பக்கத்து நாற்காலியில் கணவர் தொண்டையைச் செருமினார்.

கண்ணாடி திரும்பவும் பைக்குள் போனது.

வெளியிடங்களில் அவள் கண்ணாடி போடுவதில்லை. பாக்கெட்டில் இருப்பவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அந்தப் பாக்கெட் மேசைமேல் நின்றது. அவர்களுடைய கம்பெனி சாம்பார்ப் பொடி. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஜிமிக்கியும் பெரிய பொட்டுமாகச் சிரிக்கும் முகம்.

கல்யாணமான புதிதில், அழகர்கோவிலுக்குப் போன அன்று அவர் எடுத்த போட்டோ.

"உன் முகத்தைப் போட்டா பொடி தானா விக்கும்," என்று அப்போது சொன்னார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

விற்றது. ஊர் ஊராக விற்றது.

அதன்பிறகு அவள் பொட்டின் அளவு மாறவில்லை. ஏஜென்டுகள் வரும்போதெல்லாம் காதில் அதே ஜிமிக்கி. நரைக்கு மாதாமாதம் சாயம். முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டாள்.

"கடைக்காரங்க குழம்பிடுவாங்கம்மா," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

இப்போது லோகோவைப் பதிவு செய்ய மனு போட்டிருந்தார்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அவருடைய சம்மதம் வேண்டுமாம். அதற்காகத்தான் மதுரைக்கு, இந்த மாடிக்கு, அவளையும் அழைத்து வந்திருந்தார்.

"இது உங்க முகம். இதைக் கம்பெனி வச்சுக்க உங்களுக்குச் சம்மதம். அவ்வளவுதான் மேடம் விஷயம்," என்றார் வக்கீல். "பதிஞ்சுட்டா வேற யாரும் இந்த முகத்தைப் போட்டுப் பொடி விக்க முடியாது."

"நான் வித்தா?"

வக்கீல் சிரித்தார். "நீங்களும்தான்."

கணவரும் சிரித்தார். "இவ எங்க சார் தனியா விக்கப் போறா? சந்தை எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது."

தேனியில் அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. அரைக்கிற மெஷின் ஒன்று இருந்தால் போதும், பக்குவம் உன் கையில்தானே இருக்கிறது, வந்துவிடு என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

"எத்தனை வருஷத்துக்கு?"

"பத்து வருஷம். அப்புறம் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். முடிவே கிடையாது, கவலைப்படாதீங்க."

கணவர் பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். அதன் மூக்குத்தியைப் பார்த்தாள்.

முதல் பாக்கெட் அச்சாகி வந்த அன்றே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அச்சகத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவளுக்கு மூக்குத்தி வலது பக்கம். பாக்கெட்டில் இருப்பவளுக்கு இடது பக்கம்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவராகவே பார்த்துச் சொல்லட்டும், அப்போது ஆசை தீரக் கேலி செய்யலாம் என்று காத்திருந்தாள்.

காத்திருந்ததே பிறகு மறந்துபோனது.

"என்னங்க."

"ம்?"

"எனக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"இப்ப எதுக்கு இது? கையெழுத்தைப் போடு, சாருக்கு நேரமாகுது."

"சும்மா சொல்லுங்க."

ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் முன்னால் குனிந்தார். பாக்கெட்டைத் தன் பக்கமாகத் திருப்பினார்.

"இடது," என்றார்.

வக்கீல் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். கணவர் செருமினார். போட்டுக்கொண்டாள்.

தாளின் முதல் வரி இப்போது தெளிவாகத் தெரிந்தது.

இப்படத்தில் உள்ள முகம் என்னுடையதே என்று உறுதி கூறுகிறேன்.

அவள் பேனாவை மூடினாள்.