சீனிக்கு வயிறு சரியில்லை

ரவிசங்கரின் ஜீப் தெருமுனையில் திரும்பியபோது ஹமீதா பானு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு நாளாக அப்படித்தான் நிற்கிறாள். பார்க்க வருகிறவர்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

அறைக்குள் கட்டிலில் டென்மார்க்கிலிருந்து வந்த பெண் சுருண்டு கிடந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள். பெயர் சீனெ. தரங்கம்பாடியில் அந்தத் தெரு முதல் நாளே அதைச் சீனி ஆக்கிவிட்டது.

புருஷன் ஷார்ஜாவில் இருக்க, ஓர் அறை சும்மாத்தானே கிடக்கிறது என்று ஹமீதா பானு தானாகப் போய்க் கேட்டு வாங்கிவந்த விருந்தாளி அவள்.

பத்தாம் நாள் சீனிக்கு வயிறு கழிய ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் மாத்திரையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்க உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டும் கொடுத்து, நல்லா ஓய்வெடுக்கட்டும் என்றார். தெரு ஓய்வெடுக்க விட்டால்தானே? ஹாஃபிஸா ஓமத்தண்ணீர் கொண்டுவந்தாள். பாத்திமா மாதுளம்பிஞ்சை மோரில் அரைத்துக் கொண்டுவந்தாள். தஹ்மீனா மூக்கை மட்டும் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடியே அடுப்படிப் பக்கம் மோந்து பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் விசாரித்தாள்.

"தண்ணியத்தான் சொல்லுவாங்க ஹமீதா. கொதிக்க வச்சுத்தானே கொடுத்தே?"

அல்லா மேல் ஆணையாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன் என்றாள் ஹமீதா பானு. கொதிக்க வைத்து, ஆறவைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி. அது உண்மையும்கூட.

ஆனால் அவளை அனுப்பிவைத்த தஞ்சாவூர் ஆபீஸிலிருந்து ரவிசங்கர் நேற்று போன் செய்துவிட்டார். பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றப்போகிறார்களாம். சாப்பாட்டால் விருந்தாளியை இழந்த வீடு என்று பெயர் வந்தால் அது இந்தத் தெருவில் பேரன் பேத்தி காலம்வரை நிற்கும்.

ரவிசங்கர் கையில் நோட்டோடு வந்தார். அவர் பின்னாலேயே மூன்று பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆபீஸ்காரரோடு வருகிறவர்களை எப்படித் தடுப்பது?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீனியிடம் இங்கிலீஷில் கேட்டார். ஹமீதா பானுவுக்கு இங்கிலீஷில் எஸ், நோ, பாஸ்போர்ட் மூன்றும் தெரியும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

சீனி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தாள். தெரியாத பேச்சுக்கு நடுவே தெரிந்த பெயர்கள் தலைகாட்டின.

"தஹ்மீனா லாத்தா" என்றாள், தெருவில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே. அப்புறம், "இறால் வாடா. சிக்ஸ்."

ரவிசங்கர் எழுதினார். ஆபீஸ் நோட்டில் தன் பெயர் ஏறுவதைப் பார்த்து தஹ்மீனா முதலில் பெருமையாகத்தான் சிரித்தாள்.

அடுத்து ஹாஃபிஸா லாத்தாவும் தாளிச்சாவும் வந்தார்கள். பாத்திமா லாத்தா வட்டலப்பத்தோடு இரண்டு தடவை வந்தாள்.

ரவிசங்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "எல்லாம் ஒரே ஞாயித்துக்கிழமையிலயா சாப்பிட வச்சீங்க?"

லாத்தா, ஸலாம், நல்லாருக்கு என்று வாசலுக்கு வாசல் தமிழ் சொல்லித்தந்தவர்களில் ஒருத்தர்கூட அவளுக்குப் போதும் என்ற வார்த்தையைச் சொல்லித்தந்திருக்கவில்லை.

ஹாஃபிஸாவுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. பாத்திமா அவளுக்குத் துணையாகப் போனாள். தஹ்மீனா, தன் வீட்டு வாடாவில் குற்றம் சொல்ல முடியாது என்று பொதுவாகச் சொல்லியபடி நகர்ந்தாள்.

"இந்த வீட்டுல?" என்றார் ரவிசங்கர்.

"கஞ்சி" என்றாள் சீனி. "வெரி குட் கஞ்சி."

அவர் நோட்டை மூடினார். வேறெங்கும் போக வேண்டாம், இங்கேயே இருந்து உடம்பைத் தேற்றட்டும், வேறு எந்த வீட்டுக்கும் சாப்பிட மட்டும் அனுப்பாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஹமீதா பானு கதவைத் தாழ்போட்டுவிட்டு அறைக்கு வந்தாள். சீனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"மீன் ஆணம் நான் சொல்லலை, லாத்தா."

ஹமீதா பானுவுக்கு முகம் வெளிறியது.

கொடுவா மீன் போட்டு வைத்த குழம்பு. வைத்து மூன்று நாள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகத்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கொட்ட மனசு வரவில்லை. சுடவைத்து இடியாப்பத்தின் மேல் ஊற்றி, பழைய ஆணத்துக்குத்தான் ருசி என்று அவளே இரண்டாம் தரமும் ஊற்றினாள்.

தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டாள். நாலு நாளாக, சீனி கக்கூஸ் போகாத நேரம் பார்த்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அவளும் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு வயிறு என்று வெளியே தெரிந்தால் அப்புறம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து விசாரிக்கவா வேண்டும்?

சீனி சுவரோரமாக நகர்ந்து கட்டிலில் பாதி இடம் விட்டாள்.

"படுங்க."

ஹமீதா பானு முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு படுத்தாள். இடுப்பு கட்டிலில் பட்டதும் தன்னையறியாமல் யா அல்லா என்று முனகினாள். சீனி சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். தஹ்மீனாவாகத்தான் இருக்கும்.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.